இருவேல்பட்டுக்கு யார் போவது?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தமிழ், வரலாறு, பொருளியல் முதுகலை படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், பி.எட். முடித்து வகுப்பறைக்குப் போகக் காத்திருக்கும் நாளைய ஆசிரியர்களுக்கும்,



உங்களில் பலர் இப்போது ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பீர்கள். கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் பழைய ஆய்வேடுகள் ஸ்பைரல் போட்டு அடுக்கிக் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்து ஊர்ப்பெயரையும் ஆண்டையும் மாற்றினால் போதும் என்று சீனியர் யாராவது சொல்லியிருப்பார். அப்படிச் செய்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். எம்.ஃபில். படிப்பை யுஜிசி 2022-இல் நிறுத்திவிட்டது. பிஎச்.டி. வரை போகிறவர்கள் உங்களில் சிலர்தான். மற்றவர்களுக்குக் கடைசிப் பருவத்தில் எழுதும் இந்த எழுபது எண்பது பக்கம்தான் வாழ்நாளில் செய்யப்போகும் ஒரே ஆய்வு. அதைப் பாழாக்க உங்களுக்கு மனசு வரக் கூடாது.

விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் வழியில், திருவெண்ணெய்நல்லூர் பக்கம், இருவேல்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெங்கல் புயல் மழையில் தென்பெண்ணை கரைபுரண்டபோது செய்திகளில் அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள். கிராமப் பொருளாதாரம் படிக்கிறவர்களுக்கு அது நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த பெயர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கென்று முதல் பேராசிரியராக 1915-இல் வந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்தில் உழைக்கும் மக்கள் படிப்பதற்கென்று இருந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இந்திய கிராமம் எப்படிப் பிழைக்கிறது என்று பாடப்புத்தகத்தில் இல்லாததைப் பார்த்து, 1916-இல் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், யார் யாரிடம் கடன்பட்டிருக்கிறார்கள், கூலி நெல்லா காசா, பள்ளிக்கூடம் உண்டா என்று அவர்கள் எழுதிக்கொண்டு வந்தது 1918-இல் ‘சில தென்னிந்திய கிராமங்கள்’ என்ற பொருளில் ஆங்கிலப் புத்தகமாயிற்று. அந்தச் சில கிராமங்களில் ஒன்று இருவேல்பட்டு. அந்த நூலில் எருவெல்லிப்பேட் என்று அச்சாகியிருக்கும். நூலகத்தில் தேடும்போது அந்தப் பெயரிலும் தேடுங்கள்.

அதோடு நின்றுபோகவில்லை. 1936-37-இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆய்ந்தார்கள். 1960களின் தொடக்கத்தில் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். 1981-இல் ஐ.ஏ.எஸ். பணியிலிருந்து பொருளியல் ஆய்வுக்கு வந்த எஸ். குகனும், அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் சேர்ந்து இருவேல்பட்டைப் பார்த்தார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் ஆய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். ஒரே ரெட்டியார் குடும்பத்தின் கையில் கிடந்த ஊர், பண்ணையாள் முறை மறைந்து, கூலிக்காரர்கள் நிமிர்ந்து, அந்தக் குடும்பத்தின் பிடி தளர்ந்த ஊராக எப்படி மாறியது என்பதைத் தொண்ணூறு ஆண்டுக் கணக்கோடு படிக்க முடிகிறது. உலகத்தில் எத்தனை கிராமத்துக்கு இப்படி ஒரு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது? அது உங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம்.

இந்த வரலாற்றில் எனக்குப் பெரிதாகப் படுவது அதன் தொடக்கம். பின்னால் வந்தவர்கள் பேராசிரியர்கள், பேர்பெற்றவர்கள். முதலில் போனவர்கள் உங்கள் வயதுப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்கள். அவர்கள் எழுதிவைத்ததால்தான் மற்றவர்கள் மறுபடியும் மறுபடியும் வர முடிந்தது.

ஸ்லேட்டரின் மாணவர்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், 1917-இல், கல்வெட்டுத் துறையினர் இதே பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் இன்னோர் ஊரில் மைப்படி எடுத்துக்கொண்டிருந்தார்கள். விக்கிரவாண்டி வட்டத்து எண்ணாயிரம். அங்கே கோயில் சுவரில் முதலாம் ராஜேந்திர சோழன் காலத்து ஒரு கல்லூரியின் முழு வரவுசெலவு பொறித்திருக்கிறது. மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர். வேதமும் தொடக்க இலக்கணமும் படித்த இளைய மாணவர் 270 பேருக்கு நாளுக்கு ஆறு நாழி நெல். வியாகரணம், மீமாம்சை, வேதாந்தம் படித்த மூத்த மாணவர் 70 பேருக்கு நாளுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. இதற்கெல்லாம் விட்ட நிலம் 45 வேலி.

வரலாற்று மாணவர்கள் இதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதியிருப்பீர்கள். சோழர் காலக் கல்வி, ஐந்து மதிப்பெண். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். மாணவர் சாப்பாட்டுக்கு மட்டும் நாளுக்கு 2,320 நாழி வருகிறது. 24 கலத்துக்கு மேல். ஆசிரியர் பங்கு தனி. இந்த நெல்லை விளைவித்தவர் யார்? அவர் வீட்டுப் பிள்ளை அந்தக் கல்லூரியில் உட்கார முடிந்ததா? அங்கே கற்பித்த பாடங்களின் பட்டியலைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவர் கூலியைப் பற்றிக் கேட்பதில்லை. கூலியைப் பற்றிக் கேட்கிறவருக்குக் கல்வெட்டு படிக்கத் தெரியாது. கல்வியியல் படிக்கிறவருக்கு இந்த இரண்டு பேரையும் தெரியாது. இருவேல்பட்டும் எண்ணாயிரமும் ஒரே மாவட்டத்து ஊர்கள். நிலம் யாரிடம், படிப்பு யாருக்கு என்பதுதான் இரண்டு இடத்திலும் கேள்வி. ஆனால் உங்கள் கல்லூரி நூலகத்தில் அவை வேறு வேறு அலமாரியில் இருக்கும்.

துறைகளை ஒழித்துவிடச் சொல்லவில்லை. கல்வெட்டு வாசிக்க ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும்; கணக்கெடுப்புக்கும் அதற்குரிய பயிற்சி வேண்டும். நான் சொல்வது, கேள்வி எங்கே போகிறதோ அங்கே நீங்களும் போக வேண்டும், பக்கத்துத் துறைக்காரரைக் கூட்டிக்கொண்டாவது போக வேண்டும் என்பதுதான்.

செஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் திரௌபதி அம்மன் வழிபாட்டைப் பற்றி 1988-இலும் 1991-இலும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். முதல் தொகுதியின் தலைப்பிலேயே செஞ்சி இருக்கிறது. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியை மையமாக வைத்து, பாரதக் கூத்தும் தீமிதியும் எப்படி இந்த மண்ணில் வேர்பிடித்துப் பரவின என்று தேடியவர் அவர். இலக்கியமும் சமயமும் சடங்கும் கலந்த ஆய்வு. இப்போது விழுப்புரத்தை அடுத்த மேல்பாதிக்கு வாருங்கள். அங்கேயும் திரௌபதி அம்மன்தான். பட்டியல் சாதி மக்கள் கோயிலுக்குள் வருவதைத் தடுத்த தகராறில் 2023 ஜூனில் அதிகாரிகள் அந்தக் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். கூத்தை ஆய்கிற தமிழ் மாணவர் ஒருவரும், சாதியை ஆய்கிற சமூகவியல் மாணவர் ஒருவரும், இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் பள்ளியில் பயிற்சிக்குப் போகும் பி.எட். மாணவி ஒருவரும் ஒரே ஆண்டில் இந்தப் பகுதியில் இருக்கலாம். மூவரும் ஒருவரையொருவர் தெரியாமலே அவரவர் ஏட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எனக்கு இது பெரிய இழப்பாகத் தெரிகிறது. அந்த வகுப்பறையில் பாஞ்சாலி சபதம் நடத்தும்போது அந்த மாணவிக்குத் தெரிய வேண்டியது மற்ற இருவரிடமும் அல்லவா இருக்கிறது!

இதைவிட நெருக்கமான சங்கதி ஒன்று திண்டிவனத்தில் இருக்கிறது. அங்கே ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் நடத்திய பேராசிரியர் பிரபா கல்விமணியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர். ரோசணையில் தாய்த்தமிழ்ப் பள்ளியை நிறுவியவர். இயற்பியல் ஆசிரியருக்கு இருளர் குடியிருப்பில் என்ன வேலை என்று அவர் கேட்டுக்கொண்டு உட்காரவில்லை. படிப்பு, மொழி, நீதிமன்றம், காவல் நிலையம் எல்லாம் ஒரே குடும்பத்தின் வாசலில் வந்து நின்றபோது அவரும் அங்கே போய் நின்றார்.

இருளர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி பத்தாவது தாண்டினால் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். கோட்டாட்சியர் தர வேண்டும். தாத்தாவிடமோ அப்பாவிடமோ பழைய காகிதம் இருந்தால் சுலபம். செங்கல் சூளைக்கும் தோப்புக் காவலுக்கும் அலைந்த குடும்பத்தில் காகிதம் ஏது? விசாரணை வரும். குமாரி மாதுரி பாட்டீல் வழக்கில் 1994-இல் உச்சநீதிமன்றம் இதற்கென்று ஒரு நடைமுறை வகுத்தது. சான்றைச் சரிபார்க்கும்போது அந்தக் குடும்பத்தின் தெய்வம், சடங்கு, திருமண முறை, சாவுச் சடங்கு எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும் என்றது. சரிபார்க்கும் குழுவில் பழங்குடி வாழ்க்கை தெரிந்த ஆய்வு அலுவலரும் இருக்க வேண்டும் என்றது.

இதை யோசித்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் கல்லூரி இடமும் உதவித்தொகையும் அவள் பாட்டி எந்தக் கன்னிமாருக்குப் பொங்கல் வைத்தாள், மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்க் கூடினார்களா, கல்யாணம் எப்படி நடந்தது என்பதில் போய் நிற்கிறது. நாட்டார் வழக்காற்றியல் என்று தமிழ்த்துறையில் ஒரு தாளாகப் படிக்கிறீர்களே, அது இங்கே சான்றிதழ் கிடைப்பதையும் கிடைக்காமல் போவதையும் தீர்மானிக்கும் சாட்சியமாகிறது. அந்த வழக்கங்களை அந்த மக்களின் வாயால் கேட்டு, நேர்மையாக, இன்று இருக்கிறபடி எழுதிவைத்தவர்கள் உள்ளூரில் இருக்க வேண்டாமா? தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய எட்கர் தர்ஸ்டனின் 7 தொகுதிகள் 1909-இல் வந்தவை. தொலைபேசியும் சூளை முன்பணமும் அரசுத் தொகுப்பு வீடும் வந்துவிட்ட குடியிருப்பில் இருளர் வாழ்க்கை தர்ஸ்டன் காலத்தில் உறைந்தா கிடக்கும்? மாறிவிட்டதாலேயே நீ இருளர் இல்லை என்று ஒரு குழந்தையிடம் சொல்லிவிடக் கூடாது. சொல்லவிடாமல் தடுக்கக்கூடிய எழுத்து திண்டிவனத்து மாணவர்களிடமிருந்து வர முடியும்.

சூளை முன்பணம் என்றேன். அதுவும் பள்ளிக்கூடத்துக்குள் வந்து நிற்கிற விஷயம். சீசன் தொடங்கும்போது முன்பணம் வாங்கிய குடும்பம் மூட்டை கட்டும். பிள்ளைகள் கூடவே போகும். திரும்பி வரும்போது கல்வியாண்டின் பெரும்பகுதி கழிந்திருக்கும். ஆசிரியர் இதை இடைநிற்றல் என்று எழுதுவார், பொருளியலாளர் இதைக் கடன் என்பார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து இந்தத் தென்னாற்காட்டுக் கிராமங்களில் நீண்ட காலம் வேலை செய்த இசபெல் கெரான், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்ரமணியன் மூவரும் கடன்பட்ட பெண்களைப் பற்றி 2023-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பெண்கள் எப்படிக் கடன் வாங்குகிறார்கள், எப்படி அடைக்கிறார்கள், அதற்கு உடலும் மானமும் உறவும் என்ன விலை கொடுக்கின்றன என்று ஆய்ந்த நூல். விழுப்புரத்திலிருந்து அந்த நிறுவனம் கூப்பிடு தூரம். அது 1955-இல் தொடங்கியது; சைவச் சுவடிகளைப் படிக்கிறவர்களும் கிராமக் கடனை ஆராய்கிறவர்களும் அந்த ஒரே நிறுவனத்தில் வேலை செய்கிறார்கள். உங்களில் எத்தனை பேர் அந்த நூலகத்துக்குள் போயிருக்கிறீர்கள்? ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

பி.எட். படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் துறையில் வரும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை மனப்பான்மை பற்றியவை. ஐந்து கட்டம் போட்ட வினாத்தாளை முந்நூறு மாணவர்களிடம் கொடுத்து, ஒரு பீரியடில் நிரப்பி வாங்கி, ஆண் பெண், நகரம் கிராமம் என்று பிரித்து டி-டெஸ்ட் போட்டு முடித்துவிடுகிறார்கள். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று முடிவு வரும். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் வீட்டுக்காவது யாராவது போனார்களா?

எண்களைக் கண்டு முகம் சுளிக்கிறவன் இல்லை நான். நல்ல எண் என்ன செய்யும் என்பதற்கும் இந்த மாவட்டத்தோடு தொடர்புடைய சான்று இருக்கிறது. இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்தது மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்தபோது பிள்ளைகள் எவ்வளவு இழந்தார்கள், எவ்வளவு மீட்டார்கள் என்று அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் 24 சதவீதம் இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் கண்டார்கள். தெருத் திண்ணையிலும் கோயில் வாசலிலும் மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பெண்களின் உழைப்புக்கு இந்த எண் ஒரு சாட்சி. எண் அங்கே நிற்கிறது. அந்தப் பெண்கள் யார், எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தத் தெரு வாசலுக்கு வந்தார்கள், யார் வரவில்லை, என்ன கதை சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை அங்கேயே இருக்கிறவர் எழுத வேண்டும். முதலியார்குப்பத்துக்கும் மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் குடியிருப்புக்கும் போய் அதைக் கேட்டு எழுத உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

எங்கே தொடங்குவது என்று கேட்பீர்கள். பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். எந்த அரசுத் தொடக்கப் பள்ளியிலும் பீரோவில் இருக்கும். நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய பதிவேடு. நான் பார்த்த ஒன்று அரை நூற்றாண்டுக்கு மேல் பழையது. அட்டை கழன்று, துணி ஒட்டி, மறுபடி தைத்திருந்தார்கள். சேர்க்கை எண், பெயர், பெற்றோர் பெயர், தொழில், இனம், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, நீங்கிய காரணம் என்று கட்டங்கள். முதல் பக்கங்களில் பிறந்த தேதிகள் பாதிக்கு மேல் ஜூன் மாதத்தில். சேர்க்க வந்த அன்று ஆசிரியர் போட்ட தேதிகள். தொழில் கட்டத்தில் பக்கம் பக்கமாகக் கூலி, கூலி, கூலி, நடுவே ஒரு விவசாயம். பெண் பிள்ளைகள் வரிசையில் ஐந்தாம் வகுப்போடு நீங்கல். பிறகு பல பக்கம் தள்ளி, பெண் பிள்ளைகள் எட்டாவது பத்தாவது படிக்க வேறு பள்ளிக்கு டி.சி. வாங்கிப் போகிறார்கள். தொழில் கட்டத்தில் கொத்தனார், டிரைவர், கம்பெனி வேலை என்று வரத் தொடங்குகிறது. காரணக் கட்டத்தில் ஒரே கையெழுத்தில் அடுத்தடுத்து நான்கு வரிக்கு ‘பெற்றோர் வெளியூர் சென்றதால்’. அந்த நான்கு குடும்பமும் எங்கே போயின?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடப் பொருளியல் வேண்டும், வாய்மொழி வரலாறு வேண்டும், அந்தப் பகுதியின் கதையும் கவிதையும் தெரிந்திருக்க வேண்டும். விழுப்புரம் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த த. பழமலய் 1988-இல் ‘சனங்களின் கதை’ தொகுப்பில் தன் மனிதர்களைப் பெயர் சொல்லி அழைத்து அவர்கள் பாட்டைக் கவிதையாக்கினார். தமிழ்த்துறை மாணவர்கள் அதை நவீன கவிதை என்று படிக்கிறீர்கள். பொருளியல் மாணவர்களும் படித்துவிட்டுக் களத்துக்குப் போனால், கேள்வித்தாளை நீட்டுவதற்கு முன் திண்ணையில் உட்காரத் தோன்றும்.

வரலாற்று மாணவர்களுக்கு இன்னொரு கேள்வி தருகிறேன். 1978 ஜூலையில் விழுப்புரத்தில், பெரிய காலனி மக்கள் மீதான வன்முறையில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு நகரத்துப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள் பாதியில் நின்றார்கள், எத்தனை பேர் டி.சி. வாங்கினார்கள், யார் திரும்பி வந்தார்கள்? அன்று ஐந்தாவது படித்தவர்களுக்கு இன்று வயது ஐம்பத்தைந்துக்கு மேல். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

பதிவேட்டைத் தொடும்போது ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். அதில் சாதி இருக்கிறது, உயிரோடு இருக்கிறவர்களின் பெயர் இருக்கிறது. தலைமையாசிரியரிடமும் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் எழுத்தில் அனுமதி வாங்காமல் பக்கத்தைப் புரட்டாதீர்கள். மொபைலில் படம் எடுக்காதீர்கள். எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெயரை எழுதிக்கொண்டு வரக் கூடாது. ஒருவர் தன் கதையைச் சொன்னால், எழுதியதை அவரிடமே வாசித்துக் காட்டிவிட்டு வெளியே கொடுங்கள்.

பல்கலைக்கழக விதி கூட்டு ஆய்வேட்டை ஏற்காது என்று உங்கள் வழிகாட்டி சொல்லலாம். சரி, ஆளுக்கு ஒன்று எழுதுங்கள். ஊர் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். தமிழ்த்துறைக்காரர் அந்த ஊரின் பாட்டையும் கதையையும் எடுக்கட்டும், வரலாற்றுக்காரர் கோயில் சுவரையும் பெரியவர்களின் நினைவையும், பொருளியல்காரர் நிலத்தையும் கடனையும், பி.எட். மாணவர் பள்ளியையும் பதிவேட்டையும். சனிக்கிழமை சேர்ந்து போங்கள், திரும்பி வரும் பஸ்ஸில் பேசுங்கள். ஒருவர் குறிப்பேட்டை மற்றவர் வாசியுங்கள். முன்னுரையில் மற்ற மூவருக்கும் நன்றி சொல்லி, அவர்கள் கண்டதை மேற்கோள் காட்டுங்கள். இதைத் தடுக்கிற விதி எதுவும் இல்லை. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், மயிலாடுதுறை மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருப்பதால் விழுப்புரத்து மாணவரும் திண்டிவனத்து மாணவரும் ஒரே ஊரை எடுக்கவும் தடை இருக்காது.

முதல் ஊர் இருவேல்பட்டாக இருக்கட்டும். 2008-க்குப் பிறகு அங்கே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளி முடித்துவிட்டார்கள். 2024 வெள்ளம் வந்து போயிருக்கிறது. 1916-இன் கேள்விப் பட்டியலையும் 2010 கட்டுரையையும் எடுத்துக்கொண்டு போங்கள். பழைய ஆய்வுகளின் நடுவில் நிலமும் கூலியும் இருந்தன. நீங்கள் பள்ளிக்கூடத்தையும் கூத்தையும் கோயிலையும் சேர்த்துக் கேளுங்கள். முடித்ததும் தமிழில் பத்துப் பக்கத்துக்குச் சுருக்கி, அக்டோபர் 2 கிராம சபையில் வாசிக்க ஊராட்சித் தலைவரிடம் நேரம் கேளுங்கள். நூறாண்டாகத் தங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டதை அந்த ஊர்க்காரர்கள் கேட்டு, இது சரி, இது தப்பு என்று சொல்லட்டும். அவர்கள் சொல்லும் திருத்தத்தையும் ஆய்வேட்டில் பின்னிணைப்பாகச் சேருங்கள்.

அன்புடன்,
திண்டிவனத்திலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர்